இரண்டாவது வாசல்



திருகோணமலையாருக்குத் தீ என்றதும் சீனன்குடா நினைவுக்கு வருவது இயல்பு. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 9ஆந் திகதி காலையில் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீதும் விமானத் தளத்தின்மீதும் குண்டு பொழிந்தபோது, அங்கிருந்த எண்ணெய்க் குதங்களுள் ஒன்று தீப்பற்றிப் பல நாள்கள் எரிந்தது. வெப்பத்தால் வளைந்து மடிந்த அதன் இரும்புச் சுவரைக் காட்டினூடே நடந்து சென்று பார்த்தவர்கள் நம்முள் உண்டு. பாட்டன் பாட்டி வாய்வழியாக வந்த அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தீ என்பது துறைமுகத்திலிருந்தோ வானத்திலிருந்தோ வருவதொரு பொருள். அது நமது சொந்த அடுக்களையிலிருந்து மாடிப்படி வழியாக ஏறி வரும் என்ற எண்ணம் எளிதில் உண்டாவதில்லை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்த மாடிப்படியைப் பற்றியே. ஆயினும் குதங்களைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை கூறவேண்டும். அன்று ஒரு குதம் எரிந்தது. சுற்றிலும் இருந்தவை எரியவில்லை. இன்றும் 99 குதங்கள் நிற்கின்றன. இதற்குக் காரணம் அதிர்ஷ்டம் மட்டுமன்று. பிரித்தானியர் அவற்றைக் கட்டியபோது ஒன்றிற்கும் மற்றொன்றிற்கும் இடையே இடம் விட்டார்கள். ஒன்று பற்றினால் மற்றது தப்பவேண்டும் என்று முன்கூட்டியே கருதினார்கள். எண்ணெயைச் சேர்த்துவைத்தவர்கள் இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். மனிதரை மாடிமேல் மாடியாகக் குடிவைக்கும் நாம் எவ்வளவு யோசிக்கிறோம் என்று கேட்பது தவறாகாது.

நமது பழைய வீடுகளை எண்ணிப் பாருங்கள். வீதியை நோக்கி ஒரு வாசல். கிணற்றடியை நோக்கி ஒரு வாசல். அடுக்களை பெரும்பாலும் வீட்டோடு ஒட்டாமல் தனியே இருக்கும். இவை போதாவென்று வேலியிலே ஒரு பொட்டும் இருக்கும். அயல்வீட்டில் உப்போ மோரோ வாங்குவதற்குப் பெண்களும் பிள்ளைகளும் அதனூடாகவே புகுந்து போய் வருவார்கள். கிடுகுக் கூரை ஒரு தீப்பொறிக்குத் தாங்காது. அவ்வாறு எரிந்த வீடுகளுக்குக் கணக்கில்லை. ஆனால் உள்ளே இருந்தவர்கள் எந்தப் பக்கத்தாலும் ஓடிவிடலாம். ஓடியவர்கள் வேலிக்கு வெளியே நின்று, வீடு எரிவதைப் பார்த்து அழுவார்கள். அழுவதற்கு ஆள் மிஞ்சியிருந்தது.

இப்பொழுது நகரம் மேல்நோக்கி வளர்கிறது. பிரதான வீதியிலும் மத்திய வீதியிலும் கீழே கடை, அதற்கு மேலே சாமான் அறை, அதற்கும் மேலே குடும்பம் என்று அமைந்த கட்டடங்கள் நெருங்கி நிற்கின்றன. உப்புவெளிப் பக்கம் விருந்தினர் விடுதிகள் மூன்று மாடி, நான்கு மாடி என்று எழும்பிவிட்டன. கொழும்பில் இருப்பவை போன்ற இருபது மாடிக் கட்டடங்கள் இங்கே இல்லையே என்று சிலர் கூறலாம். மெய்தான். ஆனால் அத்தகைய கட்டடங்களில் நம்மவர்கள் இருக்கிறார்கள். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தொடர்மாடி வீடுகளில் குடியிருக்கும் திருகோணமலைக் குடும்பங்கள் அநேகம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் பிள்ளைகளைக் கொண்டவர்கள் அதனினும் அநேகம். அன்றியும், தீயில் அகப்படுவதற்கு இருபது மாடி வேண்டியதில்லை. கீழே போவதற்கு ஒரே ஒரு படிக்கட்டும், அதன் அடியிலே பூட்டிய இரும்புக் கம்பிக் கதவும் இருந்தால் இரண்டாம் மாடியே போதுமானது.

2004ஆம் ஆண்டு யூலை மாதம் 16ஆந் திகதி தமிழ்நாட்டின் கும்பகோணத்தில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் நிகழ்ந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சமையற்கூடத்தில் தோன்றிய தீ மாடியிலிருந்த கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்குவதற்கு ஒடுங்கிய படிக்கட்டு ஒன்றே இருந்தது. 94 பிள்ளைகள் மாண்டனர். அந்தக் கட்டடம் வானளாவிய கட்டடமன்று; நமது ஊரில் நாள்தோறும் நாம் கடந்து செல்லும் கட்டடங்களை ஒத்ததே.

வீடு மேலே ஏறியபோது நாம் எதனை இழந்தோம் என்பது இப்பொழுது விளங்கும். பின்வாசலை இழந்தோம். கிணற்றடிக்குப் போகும் அந்த இரண்டாவது வாசலை மாடிக்குக் கொண்டு செல்ல மறந்துவிட்டோம்.

இதனை மறவாத ஓரினத்தார் நமது கண்முன்னேயே இருக்கிறார்கள், அவர்கள் கப்பற்காரர்கள். நமது துறைமுகத்துக்கு வரும் எந்தப் பயணிக் கப்பலும் ஒரு மிதக்கும் தொடர்மாடியே. பத்துத் தளங்கள் இருக்கும்; ஆயிரம் அறைகள் இருக்கும்; சமையற்கூடமும் எரிபொருளும் உள்ளேயே இருக்கும். தீப்பிடித்தால் வீதிக்கு ஓடலாம் என்பது அங்கே இல்லை. ஆதலால் கப்பற்காரர்கள் தீயைப் பற்றிச் சிந்தித்த அளவு நிலத்தில் வாழ்பவர்கள் சிந்தித்ததில்லை. மேற்சொன்ன அதே 1942 ஏப்பிரல் 9ஆந் திகதி, சகாயிங் என்னும் கப்பல் நமது துறைமுகத்திலே குண்டுபட்டு எரிந்தது. எரிந்த உடல் அடுத்த ஆண்டில் மூழ்கடிக்கப்பட்டு ஓர் இறங்குதுறையாகப் பயன்பட்டது. அதனை இலங்கைக் கடற்படையினர் 2018ஆம் ஆண்டிலே மீண்டும் மிதக்கச் செய்தனர். ஒரு கப்பல் எரிந்தால் என்ன மிஞ்சும் என்பதை முக்கால் நூற்றாண்டாகத் தன் நீருக்கடியில் வைத்திருந்த துறைமுகம் நம்முடையது.

கடலில் மனித உயிரைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கை ஒன்று உண்டு. ரைற்றானிக் கப்பல் 1912இல் மூழ்கியதன் பயனாக 1914இல் முதன்முறை உருவாகி, பலமுறை திருத்தி எழுதப்பட்டு, இப்பொழுது 1974ஆம் ஆண்டின் வடிவத்தில் நடைமுறையில் இருப்பது. அதிலே தப்பும் வழிகள் பற்றிய பகுதியை நிலத்தில் வீடு கட்டுவோர் ஒருமுறை வாசிப்பது நன்று. மனிதர் இருக்கும் எந்தப் பகுதியிலிருந்தும் வெளியேறுவதற்குக் குறைந்தது இரண்டு வழிகள் இருத்தல்வேண்டும். அவ்விரண்டும் ஒன்றிற்கொன்று தள்ளியிருத்தல்வேண்டும் என்பது அதன் அடிப்படை. இரண்டு வழிகளும் ஒரே மூலையில் இருந்தால் ஒரே புகை இரண்டையும் அடைத்துவிடும் அல்லவா?

அடுத்தது, மின்தூக்கியைத் தப்பும் வழிகளுள் ஒன்றாகக் கணக்கிடலாகாது. அதற்கடுத்தது இன்னும் நுட்பமானது. பயணியின் அறைக் கதவை உள்ளிருந்து திறப்பதற்குத் திறப்புத் தேவைப்படலாகாது. தப்பும் வழியில் உள்ள எந்தக் கதவையும், வெளியே போகும் திசையில் செல்பவன், திறப்பின்றித் திறக்கக்கூடியதாக இருத்தல்வேண்டும். வெளியிலிருந்து உள்ளே வருபவனுக்கு எத்தனை பூட்டு வேண்டுமானாலும் போடலாம். உள்ளேயிருந்து வெளியே போகிறவனுக்குப் பூட்டே கூடாது. இந்த ஒரு விதியை மாத்திரம் நமது நகரத்து மாடிகள் ஏற்றுக்கொண்டாலும் இந்தப் பேச்சினால் பயன் உண்டு என்று கருதுவேன்.

விதிகள் ஒருவர் மூளையில் உதித்துத் தாளில் இறங்கியவை அல்ல. ஒவ்வொன்றின் அடியிலும் சாம்பல் இருக்கிறது. 1990ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆந் திகதி இரவில், நோர்வேயிலிருந்து டென்மார்க்குக்குச் சென்ற ஸ்கண்டிநேவியன் ஸ்ரார் என்னும் பயணிக் கப்பலில் தீப்பிடித்தது. 159 பேர் இறந்தனர். அவர்களுள் மிகப்பெரும்பாலோரைச் சுவாலை தீண்டவில்லை. நச்சுப் புகையே கொன்றது. புகை நிறைந்த நடைவழியில் கதவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் பலர் தடுமாறினர். விளக்குகள் கூரையில் இருந்தன; புகையும் கூரையிலேயே முதலில் திரள்கிறது. ஆகவே பின்னர் வந்த விதிகளின்படி, பயணிக் கப்பல்களின் தப்பும் வழிகளில் தரையிலிருந்து 30 சதமமீற்றருக்கு மேற்படாத உயரத்தில் ஒளிரும் வழிகாட்டிக் கோடுகள் அமைக்கப்படலாயின. தவழ்ந்து போகிறவனின் கண்ணுக்கு நேரே வெளிச்சம் இருக்கவேண்டும் என்பதே கருத்து. நமது தொடர்மாடிகளில் வெளியேறும் வழி என்று பச்சை எழுத்தில் எழுதிய பலகை ஒன்று கதவின் தலைக்கு மேலே தொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம், புகை வந்த மறுநிமிடம் அது யாருக்குத் தெரியும் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. பலகை வேண்டாமென்பதில்லை. அது போதாது.

புகையைப் பற்றி நாம் கொண்டிருக்கும் எண்ணம் விறகடுப்புக் காலத்தது. கண்ணெரிச்சல் தரும், இருமல் வரும், அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். இன்றைய வீட்டில் எரிவது விறகன்று. மெத்தையில் உள்ள பஞ்சு செயற்கைப் பஞ்சு, திரைச்சீலை செயற்கை நூல், கதிரை பிளாத்திக்கு. இவை எரியும்போது எழும் கரும்புகையில் காபனோரொட்சைட்டு என்னும் வாயு மிகுந்திருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொண்டு மனிதனை முதலில் குழப்பி, பின் மயக்கி, பின் கொல்கிறது. தீயிலே இறந்தவர்களுட் பலர் படுக்கையில் கிடந்தபடியே இருப்பதும், கதவுக்கு இரண்டடி தூரத்தில் விழுந்துகிடப்பதும் இதனாலேயே. சில நிமிடங்களில் முடிந்துவிடும் காரியம் இது. திறப்பைத் தேடுவதற்கு அந்த நிமிடங்களில் இடமில்லை.

படிக்கட்டோ, காற்றை மேலே இழுக்கும் புகைபோக்கி போன்றது. கீழ்மாடியின் கதவு திறந்திருந்தால், அங்கே பிடித்த தீயின் புகை மேல்மாடிக்காரன் விழித்தெழுவதற்குமுன் அவன் வாசலுக்கு வந்துவிடும். இதனைத் தடுப்பதற்காகவே படிக்கட்டுக்கும் வீடுகளுக்கும் இடையே தானாக மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவு வைக்கிறார்கள். அது அரைமணி நேரமோ ஒரு மணி நேரமோ தீயைத் தாங்கி நிற்கும்படி செய்யப்படுவது. நாம் என்ன செய்கிறோம்? காற்று வரட்டும் என்று அதன் அடியிலே ஒரு செங்கல்லை வைத்து விரியத் திறந்துவிடுகிறோம். அந்தச் செங்கல்லை வைத்த கையிற் கெட்ட எண்ணம் இல்லை. வெக்கையான நாட்டில் காற்றை விரும்புவது குற்றமுமன்று. அதற்காகத்தான் யன்னல் இருக்கிறது.

லண்டனில் கிரென்பெல் கோபுரம் என்ற 24 மாடிக் குடியிருப்பு 2017ஆம் ஆண்டு யூன் 14ஆந் திகதி எரிந்தது. நள்ளிரவுக்குப் பின், நான்காம் மாடியின் சமையலறை ஒன்றில் குளிர்சாதனப் பெட்டியருகே தோன்றிய தீ, கட்டடத்தின் வெளிச்சுவரில் அழகுக்காகவும் வெப்பக் காப்புக்காகவும் போர்த்தியிருந்த எரியக்கூடிய தகடுகளைப் பற்றிக்கொண்டு உச்சிவரை ஏறியது. கட்டடத்துக்குப் படிக்கட்டு ஒன்றே. வீடுகளுக்குள்ளேயே இருங்கள் என்ற அறிவுரை பின்னிரவு 2 மணி 47 நிமிடம்வரை மாற்றப்படவில்லை. 72 பேர் இறந்தனர். வீட்டுக்குள் இருங்கள் என்பது மூடத்தனமான அறிவுரையன்று. சுவர்களும் கதவுகளும் தம் கடமையைச் செய்யும் கட்டடத்தில் அதுவே உத்தமமான வழி. அந்தக் கட்டடத்தில் வெளிச்சுவர் தன் கடமையைச் செய்யவில்லை. பல வீடுகளின் கதவுகளும் தாமாக மூடிக்கொள்ளவில்லை. உள்ளே இருப்பதா, வெளியே ஓடுவதா என்பது கட்டடத்தைப் பொறுத்தது. நீங்கள் குடியிருக்கும் கட்டடம் எவ்வகையைச் சேர்ந்தது என்று கட்டியவரை இன்றே கேட்டு வைத்துக்கொள்வது நன்று. தீப்பிடித்த பின்னர் கேட்க நேரமிராது. அந்த விபத்தின் பின் நடந்த விசாரணைகளின் தொடர்ச்சியாக, 18 மீற்றருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புக் கட்டடங்களுக்கு 2026 செப்டெம்பர் 30 முதல் இரண்டாவது படிக்கட்டு வேண்டும் என இங்கிலாந்தில் விதிக்கப்பட்டது. கப்பற்காரர்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டிருந்த இரு வழி விதிக்கு அங்கே நிலத்தார் வந்து சேர்வதற்கு இவ்வளவு காலமும் இத்தனை உயிரும் வேண்டியிருந்தன.

இனிப் பூட்டைப் பற்றிப் பேசவேண்டும். படிக்கட்டு இல்லாமையால் இறந்தவர்களைப் போலவே, படிக்கட்டு இருந்தும் அதன் கதவு பூட்டியிருந்தமையால் இறந்தவர்களும் பலர். 1911ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆந் திகதி நியூயோர்க்கில் ஒரு தையல் தொழிற்சாலை எரிந்தது. கட்டடத்தின் எட்டாம், ஒன்பதாம், பத்தாம் மாடிகளில் அது இருந்தது. ஒன்பதாம் மாடியில் ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டப்பட்டிருந்தது. தொழிலாளப் பெண்கள் துணியைத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது முதலாளிகளின் அச்சம். தீயணைப்புப் படையின் ஏணி ஆறாம் மாடிவரைதான் எட்டியது. 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் இளம் பெண்கள். 2010ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆந் திகதி கல்கத்தாவின் பார்க் வீதியில் ஸ்டீபன் கோர்ட் என்னும் பழைய கட்டடம் எரிந்தபோது, புகைக்குத் தப்பி மேலே ஓடியவர்கள் மொட்டைமாடிக் கதவு பூட்டியிருக்கக் கண்டனர். அந்தத் தீயில் 43 பேர் இறந்தனர். இரண்டு நிகழ்ச்சிகளுக்குமிடையே 99 ஆண்டுகள், நாடும் மொழியும் வேறு, பூட்டு ஒன்றே.

பூட்டுப் போடுகிறவர் கொடியவர் அல்லர். அவர் கள்ளனுக்கு அஞ்சுகிறார். நமது நாட்டில் அந்த அச்சத்துக்கு மேலதிகமான காரணங்களும் இருந்தன. நீண்ட போர்க்காலத்தில் இரவில் கதவு தட்டப்படும் ஓசைக்கு நடுங்கியவர்கள் நாம். இரும்புக் கம்பி போட்ட யன்னலும், இரட்டைப் பூட்டுப் போட்ட வாசலும் அப்பொழுது மனத்துக்கு ஆறுதல் அளித்தன. போர் 2009இல் முடிந்தது. பூட்டும் பழக்கம் முடியவில்லை. இதனைப் பரிகசிப்பதற்கு எனக்கு மனம் வராது.

சில காலத்துக்கு முன் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் மாடிக்கு, தூரத்து உறவினரான ஒரு மூதாட்டியைப் பார்க்கச் சென்றிருந்தேன். மகன் வேலைக்குப் போகும்போது வெளியே கம்பிக் கதவைப் பூட்டித் திறப்பைக் கையோடு கொண்டுபோய்விடுவது வழக்கமாம். கம்பிகளுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். அந்தப் பக்கம் அவர் கதிரையைப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். தேநீர்க் கோப்பையைக் கம்பிகளினூடாகவே நீட்டினார்.

“கள்ளர் ஒருத்தரும் உள்ளுக்கு வரேலாது, தம்பி,” என்றார் பெருமையோடு.

“அடுப்படியிலே ஏதும் பிடித்துக்கொண்டால் என்ன செய்வீர்கள், மாமி?” என்று கேட்டேன்.

“மகன் வந்து திறப்பான்.”

மகனின் கந்தோர் கோட்டையில் இருந்தது. வாகன நெரிசலில் வந்து சேர ஒரு மணி நேரமாகும். அந்த மகன் தாயிடம் அன்பில்லாதவன் அல்லன், அன்பினாலேயே பூட்டினான். பிள்ளைகள் கடல்கடந்து போய்விட, பராமரிப்பாளரின் பொறுப்பில் இப்படிக் கம்பிக்குப் பின்னே இருக்கும் பெற்றோர் நம்மிடையே எத்தனை பேர் என்று எண்ணும்போது நெஞ்சு துணுக்குறுகிறது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ற்று 6ஆந் திகதி இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளர் தங்கியிருந்த ஒரு கொட்டகை எரிந்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் இறந்தனர். இறந்தோர் தொகை 28. அவர்களைக் கட்டியவர்களும் பாதுகாப்புக்கென்றே கட்டியதாகக் கூறினார்கள். இவ்வொப்பீடு கடுமையானது என்று தோன்றலாம். புகையின் முன்னே இரண்டிற்கும் வேறுபாடு அதிகமில்லை.

கள்ளனையும் தீயையும் ஒருங்கே சமாளிக்க வழியில்லையா? உண்டு; அது நூறாண்டுக்கு முன்னரே கண்டுபிடிக்கப்பட்டது. 1903ஆம் ஆண்டு டிசெம்பர் 30ஆந் திகதி சிக்காகோ நகரத்து இரோக்குவா நாடக அரங்கு எரிந்து 602 பேர் இறந்தனர். அன்று அந்த அரங்குக்குப் போகவிருந்து, வேலை காரணமாகப் போகாமல் தப்பியவர் கார்ல் பிரின்ஸ்லர் என்ற இரும்புச் சாமான் வியாபாரி. அவர் பொறியியலாளர் ஒருவரின் துணையோடு, வெளியிலிருந்து திறக்க முடியாததும், உள்ளிருந்து உடலால் தள்ளினாலே திறந்துகொள்வதுமான குறுக்குச் சட்டம் ஒன்றை 1908இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று உலகெங்கும் திரையரங்குகளிலும் வைத்தியசாலைகளிலும் காண்பது அதன் வழித்தோன்றலே. வீட்டுக்கு அவ்வளவும் வேண்டியதில்லை. வெளிப்பக்கம் திறப்பாலும், உட்பக்கம் வெறும் கையால் திருப்பும் குமிழாலும் இயங்கும் பூட்டு எந்த இரும்புச் சாமான் கடையிலும் கிடைக்கும். குமிழுக்குக் கள்ளனின் கை கம்பியினூடாக எட்டாதபடி ஒரு தகட்டை வைத்து ஒட்டுவது எந்த ஒட்டுவேலைக்காரருக்கும் அரைநாள் வேலை. யன்னற் கம்பிகளில் ஒன்றையாவது பிணைச்சல் வைத்து உட்புறமிருந்து திறக்கக்கூடியதாகச் செய்தல் அதனினும் எளிது.

படிக்கட்டு யாருடையது என்பதிலும் நமக்குத் தெளிவில்லை. தொடர்மாடி உடைமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி படிக்கட்டும் நடைவழியும் கூரையும் பொதுப் பகுதிகள். எல்லா வீட்டுக்காரருக்கும் உரியவை. ஒருவர் தம் வாசலுக்கு முன்னே சப்பாத்துத் தட்டும், பழைய குளிர்சாதனப் பெட்டியும், வெற்று எரிவாயு உருளையும் அடுக்கிவைப்பதும், மொட்டைமாடியைத் தம் திறப்பால் பூட்டிவைப்பதும் பிறர் உடைமையில் கைவைப்பதாகும். நம் ஊர் மாடிக் கடைகளில் இன்னொரு வழக்கம். படிக்கட்டின் அடியிலே மோட்டார்ச் சைக்கிள்களை நிறுத்துவார்கள். வெயிலும் மழையும் படாதல்லவா? பெற்றோல் தாங்கியை உள்ள ஒரே வழியின் வாயிலில் வைத்துவிட்டு மேலே போய் உறங்குகிறோம் என்பது நினைவில் இருப்பதில்லை. மின்கலத்தால் ஓடும் வண்டியை இரவெல்லாம் அதே இடத்தில் மின்னேற்ற வைப்பதும் அவ்வாறே. 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் சமையல் எரிவாயு தொடர்பான வெடிப்புகளும் தீவிபத்துகளும் நூற்றுக்கணக்கில் பதிவானபோது எல்லோரும் உருளையையும் குழாயையும் சோதித்தோம். எவராவது கதவைச் சோதித்தோமா?

சட்டம் இல்லையென்று கூற முடியாது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் கட்டட விதிகள் இருக்கின்றன. வரைபடத்துக்கு அனுமதி வேண்டும். கட்டி முடித்தபின் வரைபடத்தின்படி முடிந்ததென்ற சான்றிதழ் வேண்டும். ஆனால் அனுமதி பெற்ற வரைபடத்தில் இல்லாத ஒரு மாடி பின்னொரு நாள் மேலே முளைப்பதும், வரைபடத்தில் இருந்த பின்படிக்கட்டு ஒரு சாமான் அறையாக மாறுவதும் நாம் அறியாதவை அல்ல. பரிசோதகர் ஆண்டுக்கொருமுறை வந்தாலும் அவர் போனபின் பூட்டுத் திரும்பவும் தொங்கும். கட்டடத்தில் உறங்குகிறவர்களே அதன் மெய்யான பரிசோதகர்கள்.

கப்பலுக்கு இன்னொருமுறை திரும்புவோம். பயணிக் கப்பலில் தீயணைப்பு ஒத்திகையும் கப்பலைக் கைவிடும் ஒத்திகையும் வாரந்தோறும் நடைபெறவேண்டும். பயணிகளும் கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடன் தாம் கூடவேண்டிய இடத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும். நம் வீடுகளில் வாரந்தோறும் வேண்டியதில்லை. ஆண்டுக்கு இரண்டுமுறை போதும். ஓர் இரவு விளக்குகளை அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு படிக்கட்டால் இறங்கிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாக இருக்கும். உங்கள் வாசலிலிருந்து படிக்கட்டுக்கு எத்தனை கதவு என்று கையால் தொட்டு எண்ணுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்து செல்லப் பழக்குங்கள். மின்தூக்கியின் பக்கமே போகக்கூடாது என்பதை அப்பொழுதே சொல்லிவையுங்கள். நடக்க முடியாத முதியவர் வீட்டில் இருந்தால் அவரைத் தூக்க இருவர் யார் என்பதையும், தூக்க முடியாவிட்டால் வீதிப்பக்கத்து எந்த அறையில் கதவை மூடி, கீழிடுக்கில் ஈரத்துணியைச் செருகி, யன்னலருகே இருத்துவது என்பதையும் முடிவு செய்யுங்கள். வெளியே வந்தபின் எல்லோரும் கூடும் இடம் ஒன்றாக இருக்கவேண்டும். எதிர்க்கடை வாசலோ, ஒரு மரத்தடியோ. அங்கே தலைகளை எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்தால் மீண்டும் உள்ளே ஓடாதீர்கள்; வந்திருக்கும் தீயணைப்பு வீரரிடம் எந்த மாடி, எந்த அறை என்று கூறுங்கள். அவரிடம் சுவாசக் கருவி இருக்கிறது, உங்களிடம் இல்லை.

விடுதி நடத்துகிறவர்களுக்கும் ஒரு சொல். உப்புவெளிக்கு வரும் விருந்தினர் உங்கள் கட்டடத்தை அறியாதவர். இரவு பத்து மணிக்கு வாயிலைப் பூட்டித் திறப்பைத் தலையணையின் கீழ் வைத்து உறங்கும் காவலாளி, விடுதியில் உள்ள அனைவரின் உயிரையும் தலையணையின் கீழ் வைத்திருக்கிறார். ஒவ்வோர் அறைக் கதவின் உட்புறத்திலும் வெளியேறும் இரு வழிகளையும் காட்டும் சிறு படம் ஒன்றை ஒட்டுங்கள். இரண்டு வழி இல்லையாயின், அந்தப் படத்தை வரைய அமரும்போது அது உங்களுக்கே தெரிந்துவிடும்.

தீயணைப்புப் படையை அழைக்கும் இலக்கம் 110. அழைப்பவர் முதலில் கூறவேண்டியது வீதியின் பெயர், கட்டடத்தின் அடையாளம், தீ எந்த மாடியில், மேலே எத்தனை பேர் என்பன. எப்படிப் பிடித்தது என்ற கதையைப் பிறகு கூறலாம். அவர்கள் போதுமென்று சொல்லும்வரை தொலைபேசியை வைக்காதீர்கள். ஒருவர் பேசிக்கொண்டிருக்க, மற்றொருவர் கீழே சென்று வீதி வாயிலைத் திறந்து, வழியில் நிறுத்தியுள்ள வாகனங்களை அகற்றச் செய்யட்டும். தீயணைப்பு வண்டி முச்சக்கர வண்டியளவு ஒடுங்கியதன்று.